வெண்ணெயில் காணாமல் போன நெய்

மறந்துவிடுவது என்று ஒற்றர் முடிவு செய்தார்.

எதை மறப்பது, எப்போது மறப்பது, எந்த அளவுக்கு மறப்பது என்பதற்கெல்லாம் திட்டமும் போட்டுவிட்டார். அறுபத்தொரு வயதில் ஒரு மனிதர் எடுக்கிற தீர்மானமா இது என்று கேட்காதீர்கள். வெண்ணெய் இல்லாமல் பதினெட்டு நாள் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

ஒற்றர் என்றால் வேவு பார்க்கிறவர் அல்ல. அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவர். முப்பத்துநாலு வருஷமாக, ஒரு பக்கத்தில் க், ச், த், ப் என்று எந்த ஒற்று எங்கே விட்டுப்போயிருந்தாலும் சிவப்புப் பேனாவோடு போய் நிற்பார். ஒற்றைத் தேடுகிறவர் ஒற்றர் என்று அச்சுக் கோர்க்கிற கம்பாசிட்டர் ஒருவர் எப்போதோ வைத்த பெயர். கம்பாசிட்டர் போய்விட்டார், பெயர் போகவில்லை. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தையல் வேலை செய்கிறவள். ஓர் அளவுச் சட்டையைக் கொடுத்துவிட்டால் அடுத்த சட்டை அச்சு அசலாக அதே மாதிரி வரும். எது பழசு, எது புதுசு என்று போட்டுக்கொள்கிறவனுக்கே தெரியாது.

வினை ஒரு ரத்தப் பரிசோதனையில் ஆரம்பித்தது. டாக்டர் தாளைப் பார்த்தார். ஒற்றரைப் பார்த்தார். பிறகு ஒற்றரை விட்டுவிட்டு அவர் மனைவியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அங்கேயே காரியம் கெட்டுவிட்டது.

"கெட்ட கொழுப்பு ஏறிக்கிட்டே போகுதும்மா. வெண்ணெய், பொரிச்சது, கேக்கு எல்லாத்தையும் குறைங்க. இதயத்தோட மட்டும் போற விஷயம் இல்ல இது. மூளைக்கும் ரத்தக்குழாய் வழியாத்தான் எல்லாம் போகணும். அது அடைச்சா ஞாபகமும் அடி வாங்கும். மீன், வால்நட், ஆளி விதை, ஆலிவ் எண்ணெய் இதெல்லாம் சேருங்க. இதைத் தின்னா மறதியே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நல்லதுன்னுதான் சொல்றாங்க."

ஞாபகம் என்ற சொல் காதில் விழுந்ததும் மனைவியின் முகம் மாறிப்போயிற்று.

அதற்குக் காரணம் இருந்தது. ஒற்றரின் அண்ணன் கடைசி மூன்று வருஷம் இவர்கள் வீட்டில்தான் இருந்தார். ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒற்றர் வேலையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தால், மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டு, "சார், என் தம்பி இன்னும் வரலையே, எங்கயாவது பார்த்தீங்களா?" என்று கேட்பார். அவருக்கு மூன்று வருஷம் ஊட்டிவிட்டவள் ஒற்றரின் மனைவி. அந்த வீட்டில் மறதி என்பது விளையாட்டு விஷயம் இல்லை. ஒற்றருக்கும் அது தெரியும். தெரிந்தும் செய்தார்.

அன்று சாயங்காலமே ஃபிரிட்ஜ் துடைத்து வைத்தது போல ஆகிவிட்டது.

"வெண்ணெய் எங்க?"

"போச்சு."

"எங்க போச்சு?"

"டாக்டர் சொன்ன இடத்துக்கு."

"அப்போ மனுஷன் ரொட்டியில எதைத் தடவறது?"

"கையைத் தடவுங்க. அதுக்குத்தான் வேலையே இல்லாம இருக்கு."

"மூளைக்கே கொழுப்புதான் வேணும், தெரியுமா உனக்கு?"

"உங்களுக்குத்தான் வாய் நிறைய இருக்கே. அங்கேர்ந்து கொஞ்சம் மேல ஏத்திக்குங்க."

இந்த நேரம் பார்த்துத்தான் விதி ஒரு பக்கத்தை அனுப்பியது. வயதான காலத்து உணவு பற்றி ஒரு புத்தகம் அச்சகத்துக்கு வந்திருந்தது. முதல் பதினாறு பக்கம் ஒற்றர் மேஜைக்கு, அடுத்த பதினாறு அடுத்த மேஜைக்கு. பதினாறாம் பக்கத்தின் கடைசி வரிகள் இப்படி இருந்தன: 'மூளையின் உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்புதான். கொழுப்பில்லாமல் மூளை இல்லை. ஆனால்'

அவ்வளவுதான். பக்கம் முடிந்துவிட்டது. ஆனாலுக்கு அப்புறம் என்ன என்பது அடுத்த மேஜையில் இருந்தது. நாலடி தூரம். எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு வாக்கியத்தையும் பாதியில் விடாத மனிதர், அன்றைக்கு மட்டும் எழுந்திருக்கவில்லை.

பக்கத்தை ஒரு நகல் எடுத்தார். கடைசி வரியில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்த 'ஆனால்' தெரியாதபடி அடியை மடித்து, பின்பக்கம் தள்ளினார். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டினார்.

மனைவி படித்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தாள்.

"எந்தக் கொழுப்புன்னு போடலையே இதுல?"

"கொழுப்புன்னா கொழுப்புதான்."

"அப்போ வால்நட்ல இருக்கறது என்ன, கோந்தா? அதுவும் கொழுப்புதான். இந்தாங்க."

ஏழு வால்நட். எண்ணித்தான் கொடுப்பாள். தட்டில் அவை சின்னச் சின்ன மூளைகளாகச் சுருண்டு கிடந்தன. அவற்றில் ஒன்று தன்னைப் பார்ப்பது போல ஒற்றருக்குத் தோன்றியது.

வாதத்தில் இவளை ஜெயிக்க முடியாது, நோயில்தான் ஜெயிக்க முடியும் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வெண்ணெயை நிறுத்தியதால் மூளை காய்ந்துகொண்டு வருகிறது என்று காட்ட வேண்டும். காட்டுவதற்கு மறக்க வேண்டும்.

முதல் நாள் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதுக்குப் பேரு என்ன... மழைக்குப் பிடிப்பாங்களே... அது," என்றார். இரண்டாம் நாள் ஸ்வெட்டரை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு மாடிப்படி வரை போனார். மூன்றாம் நாள் பாதிப் படியில் நின்று திரும்பி வந்து, "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.  மெஷினில் மனைவியின் காலின் வேகம் குறைந்திருந்தது. நாலாம் நாள் காலை ரொட்டியின் மேல் வெண்ணெய் இருந்தது. தையல் நூல் அகலத்துக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனாலும் வெண்ணெய்.

"கொஞ்சம்தான். பார்ப்போம்," என்றாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். குடையை மறந்ததற்கு நூல் அகலம் என்றால், இன்னும் பெரிதாக ஒன்றை மறந்தால் விரல் அகலம் கிடைக்காதா என்று ஒற்றரின் நாக்கு கணக்குப் போட்டது. வியாழக்கிழமை காலை அவள் தட்டோடு வந்தபோது, அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

கேட்ட பிறகுதான் அவருக்கே திக்கென்றது. அந்தக் குரல் அவருடையது அல்ல. அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு மென்மையாக, அண்ணன் கேட்பாரே, அதே குரல். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவர் தயார் செய்து வைத்திருந்த குரல் வேறு.

ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு விழும் வரை மனைவி அசையவில்லை. பிறகு தட்டை மெதுவாக மேஜையில் வைத்தாள்.

"நான் இங்க தைக்கிறவங்க," என்றாள். "சாப்பிடுங்க."

அன்று மெஷின் ஓடவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். செருப்புச் சத்தம் தேயும் வரை ஒற்றர் நோயாளியாக உட்கார்ந்திருந்தார். தேய்ந்ததும் எழுந்தார். நேரே ஃபிரிட்ஜ். மேல் தட்டு. பட்டாணிப் பைக்குப் பின்னால் பழைய நூல்கண்டுப் பெட்டி. அவள் மிச்ச வெண்ணெயை அதில்தான் ஒளித்து வைத்திருந்தாள் என்பது அவருக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும். பேரே ஒற்றர் அல்லவா? பெட்டியைச் சுற்றியிருந்த நூலை அவிழ்த்தார். இரண்டு விரல் நிறைய எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நூலைத் திரும்பச் சுற்றிக் கட்டி, பட்டாணியை முன்னால் தள்ளி, கதவைச் சாத்தினார். சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அது கொஞ்சம் உப்புக் கரிக்கும் என்று அவருக்கு அப்போது தோன்றியது.

மறுநாள் வேலையில் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். உள்ளே ஒரு சீட்டு இருந்தது.

புரூஃப் தாளின் ஓரத்தைக் கிழித்த சீட்டு. சிவப்பு மை. 'வெண்ணை நேற்றே தின்றாயிற்று. போதும்.'

ஒற்றர் சுற்றுமுற்றும் பார்த்தார். அடுத்த மேஜைக்காரர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். கையெழுத்து அவருடையது. 'ற'வின் காலைக் கொஞ்சம் நீட்டுவது, முற்றுப்புள்ளியைக் குத்துவது, எல்லாம் அவருடையது. அதை அவர் எழுதவில்லை. எழுதியதாக ஞாபகம் இல்லை. இந்த இரண்டும் ஒன்றுதானா என்று யோசித்துக்கொண்டே சீட்டை விளக்குக்கு அருகே பிடித்தார்.

அப்போதுதான் பிழையைப் பார்த்தார். வெண்ணை.

வெண்மையான நெய் வெண்ணெய். எத்தனை ஆயிரம் பக்கங்களில் 'ணை'யை அடித்து 'ணெய்' போட்டிருப்பார்! அவர் மனைவி ஃபிரிட்ஜில் ஒட்டுகிற கடைப் பட்டியலில் முப்பத்தோரு வருஷமாக எண்ணை, வெண்ணை என்றுதான் எழுதுகிறாள். முப்பத்தோரு வருஷமாக அவரும் சிவப்புப் பேனாவால் திருத்துகிறார். அவள்தான் எழுதியிருப்பாளோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே போய்விட்டது. அவள் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். இது கண்ணாடியில் பார்த்தது போலத் தன் எழுத்து. அப்படியென்றால் அவள் பிழை அவருக்குத் தொற்றிக்கொண்டுவிட்டது. மூளையில் ஏதோ ஒரு சுவர் விழுந்துவிட்டது. வீட்டிலிருந்து நெய் போயிற்று, அதோடு சேர்ந்து சொல்லிலிருந்தும் போய்விட்டது.

சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஷூவில் கால் நுழையவில்லை. உள்ளே ஒரு சீட்டு. 'வெண்ணை எங்கே என்று இன்றும் கேட்காதே. மூன்று நாளாகக் கேட்கிறாய்.' அவருக்குத் தெரிந்து அவர் கேட்கவே இல்லை. சமையலறையில் வெண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே அவருடைய மாற்றுக் கண்ணாடி, மடித்து, சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

"இதை யார் இங்க வச்சது?"

மனைவி வாயிலிருந்து குண்டூசியை எடுத்தாள். "நீங்கதானே வச்சீங்க. காலைல."

"நானா?"

"ஏன் வைக்கிறீங்கன்னு கேட்டேன். இங்க இருந்தாத்தான் நல்லாத் தெரியும்னு சொன்னீங்க."

"நான் சொன்னேனா?"

"சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க," என்று சொல்லிவிட்டு ஊசியைத் திரும்ப உதட்டில் வைத்துக்கொண்டாள்.

அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒற்றர் படியிறங்கினார். எதிர் வீட்டு மருந்துக்கடைக்காரர் பால் பாக்கெட்டோடு மேலே வந்துகொண்டிருந்தார். ஒற்றரைப் பார்த்ததும் பாக்கெட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் அவர் தோளைத் தொட்டார்.

"சார், நேத்து வீட்டுக்கு ஒழுங்கா போய்ச் சேர்ந்தீங்களா?"

"எங்கேர்ந்து?"

"கடைக்கு வந்தீங்களே. ஆறு மணி இருக்கும்."

"நானா? எதுக்கு?"

மருந்துக்கடைக்காரர் தயங்கினார். "விடுங்க சார். மழைக்கு ஒதுங்கினீங்கன்னு வச்சுக்குவோம்."

"எதுக்கு வந்தேன்? சொல்லுங்க."

"உங்க வீடு எங்க இருக்குன்னு கேட்டீங்க. நான் ஜன்னலைக் காட்டினேன். ரொம்ப நன்றின்னு சொல்லிட்டுப் போனீங்க." பாக்கெட்டைத் திரும்ப வலது கைக்கு மாற்றிக்கொண்டார். "எதிர்த் திசையில போனீங்க."

அவர் மேலே போய்விட்டார். ஒற்றர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். மாடிப்படி ஜன்னலில் தன் முகம் மங்கலாகத் தெரிந்தது. அந்த முகம் நேற்று ஆறு மணிக்கு எங்கே போயிருந்தது என்று அதனிடம் கேட்டார். அது வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒருவேளை வெண்ணை என்பதே சரிதானோ? தானே முப்பத்துநாலு வருஷமாகத் தப்பாகத் திருத்திக்கொண்டிருந்தோமோ? இந்தச் சந்தேகம் வந்த புரூஃப் ரீடரைப் பார்த்து இரக்கப்படுங்கள். வீட்டிலிருந்த பெரிய அகராதியை இறக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். அவருக்கு மிச்சமிருந்த ஒரே எண்ணெய் அதுதான். 'வெ' வந்தது. 'வெண்' வந்தது. பக்கத்தைப் புரட்டினார். நடுவில் ஒரு சீட்டு இருந்தது.

'வெண்ணை. இந்தச் சொல்லை நேற்றும் தேடினாய்.'

அகராதி அவர் கையிலிருந்து விழுந்த சத்தத்துக்கு உள்ளே மெஷின் நின்றது. பிறகு, ஒன்றுமே நடக்காதது போல, மறுபடி ஓட ஆரம்பித்தது.

அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை தெருவில் குடையை விரித்தபோது ஒரு சீட்டு சுழன்றுகொண்டே அவர் தலையில் விழுந்தது. வியாழக்கிழமை பர்ஸுக்குள் ஒன்று. வெள்ளிக்கிழமை பல் தேய்க்கிற கோப்பைக்கு அடியில் ஒன்று. எல்லாம் சிவப்பு மை, எல்லாம் அவர் கை, எல்லாவற்றிலும் நெய் இல்லாத வெண்ணை. மனைவி வால்நட் கொடுத்தால் இப்போது மறுப்பே இல்லை. மீனை முள்ளோடு தின்றுவிடுவார் போலிருந்தது. ஆளி விதைப் பொடியைக் கஞ்சியில் தானே இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினார். இனிமேல் என்ன பிரயோஜனம் என்று ஒரு குரல் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது. அதுவும் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூறலில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்து கதவைத் திறந்தார்.

ஜன்னல் பக்கமாக நாற்காலி திரும்பியிருந்தது.

அண்ணன் போன பிறகு அதை யாரும் அந்தப் பக்கம் திருப்பியதில்லை. அதன் முதுகில் அவருடைய சாம்பல் நிறக் கோட்டு தொங்கியது. தோள் இரண்டும் கொஞ்சம் முன்னால் குனிந்து, ஒரு கை மடியில் மடங்கி, யாரோ உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது போலவே இருந்தது.  அண்ணனா, தானா, எது அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு கணம் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தம்பி இன்னும் வரலையே என்று அது கேட்டுவிடுமோ என்று பயந்தார்.

அவர் வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். வெட்கமே இல்லாமல், குழந்தை மாதிரி அழுதார். மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

"என்னங்க?"

சட்டைப் பையிலிருந்து ஆறு சீட்டுகளையும் எடுத்துத் தரையில் பரப்பினார். "எனக்கு நிஜமாவே வந்துடுச்சும்மா. அண்ணனுக்கு வந்த மாதிரியே."

"நிஜமாவேன்னா? அப்போ முன்னாடி வந்தது என்ன?"

ஒற்றர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நான் யாருன்னு தெரியுதா இப்போ?"

"என் பொண்டாட்டி."

"அன்னைக்குத் தெரியலையே."

"அது..." என்று தலையைக் குனிந்துகொண்டார். "அது வெண்ணெய்க்காகச் சொன்னேன்."

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கையிலிருந்த கோட்டுப் பொத்தானை உருட்டிக்கொண்டே இருந்தாள். 

"முதல்ல நான் நிஜம்னுதான் நம்பினேன். மெஷின்ல உட்கார்ந்து யாருக்கும் தெரியாம அழுதேன். அன்னைக்கு உங்க அண்ணன் குரல்ல நீங்க யாருன்னு கேட்டீங்க பாருங்க, எனக்கு உயிரே போச்சு. டாக்டரைக் கூப்பிடணும்னு மருந்துக்கடைக்கு ஓடினேன். திரும்பி வந்து பட்டாணி எடுக்கலாம்னு ஃபிரிட்ஜைத் திறந்தேன். பெட்டியில நூல் சுத்தியிருக்கு. முடிச்சு என் முடிச்சு இல்ல. முப்பது வருஷமா முடிச்சுப் போடறவ நான்."

ஒற்றர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். 

"என்னை மறந்துட்டீங்க. வெண்ணெய் எங்க இருக்குன்னு மட்டும் மறக்கல."

ஒற்றர் ஒரு சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். 

"அப்போ இந்தச் சீட்டெல்லாம்..."

"நான்தான்."

"இது என் கையெழுத்து!"

"கல்யாணமான வருஷத்துலேர்ந்து உங்க லீவு லெட்டரெல்லாம் யார் எழுதினது? பொய்க் காரணத்தை உங்க கையால எழுத மாட்டேன்னு சொல்லி என் தலையில கட்டினது யாரு? கையெழுத்து உட்பட நான்தானே போட்டேன்?"

ஒற்றர் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தார். அது அவருக்கு ஞாபகமே இல்லை. அத்தனை மறதியையும் நடித்துக் காட்டியவர், உண்மையிலேயே மறந்த ஒரே விஷயம் அதுதான்.

"மருந்துக்கடைக்காரர்?"

"நான் சொல்லித்தான் சொன்னார். எதிர்த் திசையில போனீங்கன்னு சொன்னாராமே, அது அவரே சேர்த்துக்கிட்டது."

"நாற்காலி?"

"எது? அதுவா?" அவள் திரும்பிப் பார்த்தாள். "பொத்தான் தைக்க வெளிச்சம் பத்தலைன்னு திருப்பினேன். கோட்டு அப்படியே கிடந்தது. அதுல ஒண்ணும் இல்லைங்க." பிறகு அவளும் ஒரு கணம் அந்தக் கோட்டையே பார்த்தாள். எழுந்து போய் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"இனிமேல் நீங்க யாருன்னு என்னைக் கேட்கக் கூடாது. விளையாட்டுக்குக்கூட."

"கேட்க மாட்டேன்," என்றார். மனதாரத்தான் சொன்னார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் ஒற்றர் நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இரண்டு நாள் போனதும் பயம் வடிந்தது. வடிந்த இடத்தில் பழைய ஆசை தலையைத் தூக்கியது. எழுதியதெல்லாம் அவள் என்றால், தன் மூளையில் ஒரு கோளாறும் இல்லை என்றுதானே அர்த்தம்? கோளாறு இல்லாத மூளைக்கு ஒரு சின்னப் பாக்கெட் வெண்ணெய் என்ன செய்துவிடும்? செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் கடையில் நுழைந்தார். நூறு கிராம்தான். மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டு வேலையிடத்திலேயே தின்னலாம் என்பது திட்டம். அதுவரை ஒளித்து வைக்கப் பையின் உள்ளறை ஜிப்பைத் திறந்தார்.

ஒரு சீட்டு.

கடை வாசலில், நல்ல வெளிச்சத்தில், ஆட்கள் இடித்துக்கொண்டு போக, அவர் அதைப் படித்தார்.

'ஆனால் வெண்ணெய் அந்தக் கொழுப்பு அல்ல.'

முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அது நின்றது. வெண்ணெய். நெய் இருந்தது. 'ணெ' போட்டு, 'ய்' போட்டு, ஒற்றுக்குமேல் புள்ளியும் வைத்துச் சரியாக இருந்தது. அதைவிட அந்த முதல் சொல். 'ஆனால்'. அவர் மடித்து மறைத்த 'ஆனால்'. அதற்கப்புறம் என்ன என்று எழுந்து போய்ப் பார்க்காத 'ஆனால்'. அது தெரிந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

வெண்ணெய்ப் பாக்கெட் கையில் மெதுவாக இளகிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு குப்பைத் தொட்டியில் அதைப் போட்டுவிட்டு ஏறக்குறைய ஓடியே வீட்டுக்கு வந்தார்.

"இது எப்ப எழுதின?"

மனைவி சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இது நான் எழுதலையே."

"விளையாடாத."

"நான் எழுதினது ஆறுதாங்க. நீங்கதானே அன்னைக்குத் தரையில பரப்பினீங்க. ஆறுதானே இருந்தது?"

"அப்போ இது யாரு?"

"எழுத்து உங்களுதுதான்." சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "நெய்யெல்லாம் சரியா இருக்கு பாருங்க. எனக்கு என்னைக்காவது அது சரியா வந்திருக்கா? நீங்களே சொல்லுங்க."

ஒற்றர் யோசித்தார். முப்பத்தோரு வருஷப் பட்டியல்களையும் மனதில் புரட்டிப் பார்த்தார். ஒன்றில்கூட இல்லை. அது அவளுக்கு வராது. வரவே வராது என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்! அவள் முகத்தை வரிவரியாகப் படித்தார். பிழை ஒன்றும் அகப்படவில்லை.

"மறுபடியும் எதையாவது நடிக்கிறீங்களா?" என்றாள், கவலையோடு.

"இல்லம்மா. இல்ல." சீட்டை நாலாக மடித்தார். "வால்நட் இருக்கா?"

"ஏழு தின்னாச்சே இன்னைக்கு."

"இன்னும் நாலு கொடு."

கொடுத்தாள். அதை ஏந்திக்கொண்டு அவர் உள்ளே போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

மனைவி ஃபிரிட்ஜ் பக்கம் போனாள். பதினாறாம் பக்கம் இன்னும் அங்கேதான் ஒட்டியிருந்தது. அதன் அடி மடிப்பு, பிரித்துப் பிரித்து மடித்ததில் நைந்துபோயிருந்தது. அவள் அதை விரலால் நீவிவிட்டு, மறுநாள் பட்டியலை எழுத உட்கார்ந்தாள். ஏதோ யோசனையில் கை தானாக 'ஆலிவ் எண்ணெய்' என்று எழுதிவிட்டது. பார்த்தாள். தாளைக் கிழித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். வேறு தாள் எடுத்து, 'ஆலிவ் எண்ணை' என்று கோழி கிளறியது போல எழுதிக் காந்தத்தில் மாட்டினாள்.

காலையில் ஒற்றர் அதைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து 'ணை'யை ஒரே கோடாக அடித்து, மேலே 'ணெய்' என்று போட்டார். போட்டதும் ராத்திரி முழுக்கக் கனத்துக்கொண்டிருந்த நெஞ்சு லேசாகிவிட்டது. மூளை இன்னும் இருக்கிறது.

"முப்பத்தோரு வருஷமா சொல்றேன். உன் மண்டையில ஏறவே மாட்டேங்குதே!" என்றார், வாய் நிறைய வால்நட்டோடு.

"எனக்கு ஞாபக மறதிங்க," என்றாள் அவள்.